தேக்லாவிடம் கேட்க வேண்டும்

கேட்டுவிட வேண்டும், இன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்று ட்ராமின் கதவு மூடும்போதே விஜிலா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், சொன்ன வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது, எதிர் ஸீட்டில் நாயை மடியில் வைத்திருந்த ஆள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து அவனும் சிரித்துவைத்தான், இந்த ஜெர்மன் ஊரில் ட்ராமில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, ஆனால் ஒன்பது மாத வயிற்றோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு, போன வாரம் ஒரு கிழவி கேட்காமலே வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆண் பிள்ளை என்றாள், பெண் என்று டாக்டர் எப்போதோ சொல்லியாகிவிட்டது, பெண், பெண்ணேதான், அதற்குத்தானே இந்தப் பாடு, ஆணாக இருந்தால் மாமனார் எழுதிவைத்த பேரில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ட்ராம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. மைன் ஆறு ஏப்ரல் வெயிலில் தகடு தகடாகக் கிடந்தது, கரைக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள், இன்னும் இலை வராமல் வெறும் குச்சிகளாக, தலை வாரி வகிடு எடுத்த மாதிரி வரிசை வரிசையாக. அந்தச் சரிவின் உச்சியில்தான் அவள் வேலை பார்த்த முதியோர் இல்லம், அங்கே இரண்டாம் மாடியில், கடைசி அறையில், ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஃப்ராவ் ஹோல்மான், திருமதி என்பதற்கு இங்கே ஃப்ராவ். கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பேர் இருக்கும், தேக்லா ஹோல்மான். தேக்லா. விஜிலா உதட்டை அசைக்காமல் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நாக்கு மேலே ஒரு தட்டு, தொண்டையில் ஒரு முட்டு, பிறகு லா என்று வாய் திறந்துகொண்டது. இந்தப் பேரை என் பிள்ளைக்கு வைக்கட்டுமா என்று கேட்கத்தான் போகிறாள், அவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம், அதற்கு நேற்றிலிருந்து தூக்கமில்லை, ஊரில் கருங்கல் கடைத்தெருவிலிருந்து மாமி வாங்கி அனுப்பிய முந்திரிக்கொத்துப் பலகாரம் வேறு பையில், கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவள் மாதிரி.

கேட்காமலே வைத்துவிடலாமே, பேருக்கு யார் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள் என்றான் எடிசன். அவளுடைய புருஷன். இரவு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, காலையில் மாவு வாசனையோடு வந்து படுப்பான், படுத்துக்கொண்டே பேசுவான். வைக்கிறதுதான் என்று முடிவாகிவிட்டால் வை, ஆனா எனக்கு மனசில்ல கேட்டியா, டெக்கீலான்னாக்கும் பயலுவ கூப்பிடுவினும், சாராயத்துக்க பேரு, என் அப்பா கோயில் கமிட்டியில இருக்கப்பட்ட ஆளு என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் பேசுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா, இவன் எடிசன், தம்பி நியூட்டன், தங்கச்சி கியூரி, மாமனார் சயன்ஸ் வாத்தியாராக இருந்ததில் மூன்று பிள்ளைகளும் சோதனைச் சாலையிலிருந்து வந்த மாதிரி பேரோடு ஊரெல்லாம் சுற்றுகிறார்கள், நியூட்டன் பிளஸ் டூவில் பௌதிகத்தில் தோற்றுப்போய்விட்டான், அன்றைக்கு அந்தத் தெருவே சிரித்தது, அதெல்லாம் உங்களுக்குப் பேராகத் தெரிகிறது, தேக்லா மட்டும் சாராயமா என்று கேட்டாள். எடிசன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு உள்ளேயிருந்து சிரித்தான், அவன் சிரிப்பு போர்வைக்குள் குலுங்கியது, பாதிச் சம்மதம். ஆனால் எடிசனின் அம்மா, மாமி, வீடியோவில் காதைக் கொண்டுவந்து ஒட்டிவைத்துக்கொண்டு, தேக்கா, என்ன மக்களே, மரத்துக்க பேரா, கதவு செய்யவா என்றாள். திரை முழுக்க மாமியின் காதும் கம்மலும். தேக்கு இல்ல மாமி, தேக்லா. அது என்னவாக்கும், நம்ம ஆரோக்கியான்னு வச்சா என்ன, புனிதைக்க பேரு இல்லாம ஞானஸ்நானம் குடுப்பினுமா. விடவில்லை விஜிலா, பங்குச் சாமியாரிடம் போய்க் கேளுங்கள் என்றாள், சாமியாரும் நல்ல மனுஷன், புத்தகத்தைப் புரட்டி அப்படி ஒரு புனிதை உண்டு என்றிருக்கிறார், நெருப்பில் போட்டார்கள், மழை பெய்து அணைத்தது, மிருகங்களிடம் போட்டார்கள், ஒன்றும் தொடவில்லை. மறுநாள் மாமிக்குத் தலைகால் புரியவில்லை, எனக்க மக்களே, மழையே வந்திருக்கு பாரு, அப்போ வைக்கலாம், நல்ல தைரியமுள்ள பிள்ளையாக்கும். விஜிலாவும் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினாள், துள்ளுகிற உடம்பா அது, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் அழைப்பு, மாமியின் குரல் இறங்கிப்போயிருந்தது. அவ கல்யாணம் கட்டலியாமே பிள்ளே, நிச்சயம் பண்ணின பயலையும் வேண்டாம்னுட்டு போயிட்டாளாமே, சாமியாரு அத நேத்து சொல்லல்ல.

நினைத்து நினைத்து இப்போது ட்ராமில் சிரித்தாள். நாய்க்காரன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான், அந்த ஸீட்டில் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி மற்றவளை மியா என்று கூப்பிட்டாள், பின்னாலிருந்து இன்னொரு பெண்ணும் என்ன என்று திரும்பினாள், பார்த்தாயா, பார்த்தாயா என்று விஜிலா வயிற்றுக்குள் சொன்னாள், இரண்டு மியா ஒரே ட்ராமில், நீ அப்படியில்லை. இதைத்தான் பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவச்சியும் சொன்னாள், பழைய பேரெல்லாம் திரும்பி வருகிறது, ஃப்ரீடா வந்துவிட்டாள், ஈடா வந்துவிட்டாள், தேக்லா இன்னும் வரவில்லை, உன் பெண்தான் வரிசையில் முதல் ஆள். ஆனால் கூட வேலை பார்த்த ஸான்ட்ரா மூக்கைச் சுளித்தாள். தேக்லாவா, ஐயோ, எங்க அப்பாவோட அத்தை பேரு, பூச்சி உருண்டை வாசனை அடிக்குது, அந்தப் பேரை வெச்சா குழந்தை பல்செட்டோட பிறக்கும். ஸான்ட்ரா சொன்னதில் கோபம் வரவில்லை, ஸான்ட்ரா அப்படித்தான், கோபம் வந்தது இணையத்தில். பிள்ளைத்தாய்ச்சிகள் கூடிப் பேசுகிற ஒரு பக்கம், தெரியாத்தனமாக அங்கே போய்க் கேட்டாள், பழைய ஜெர்மன் பேரு, தேக்லா, உங்கள் கருத்து என்ன. எத்தனை பேர், எத்தனை கருத்து. கம்பீரம் என்றார்கள், கர்ணகடூரம் என்றார்கள், குழந்தைக்கு அழகு, நாய்க்கு அழகு, இரண்டாம் பேராக வைத்து ஒளித்துவிடுங்கள், எங்கள் ஊர் மாதா கோயில் மணிக்கு அந்தப் பேர். நீங்கள் எந்த நாடு என்று ஒருத்தி கேட்டாள். சொன்னாள். அப்படியானால் வேண்டாமே, பழுப்பு முகத்துக்கு மேல் ராஜா காலத்துத் தொப்பி மாட்டிவிட்ட மாதிரி இருக்கும், பிள்ளை பாவம் என்று அவள் எழுதினாள், கீழே ஒரு சிரிக்கிற பொம்மை. அந்த வரியை விஜிலா எத்தனை தரம் படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. படிக்கப் படிக்க முகம் சுட்டது, பிறகு வேறு மாதிரிச் சுட்டது. தொப்பியா. சரி, தொப்பிதான். என் பேரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது, சட்டையில் குத்திய பேர்ப்பட்டையைப் பார்த்து ஃபியிலா என்றார்கள், ஃபிகிலா என்றார்கள், டாக்டர் ஒருவர் மூன்று வருஷமும் ஃபானிலா என்றே கூப்பிட்டார், வெனிலா ஐஸ்கிரீம் மாதிரி, அவளும் மூன்று வருஷமும் ஓடிப்போய் நின்றாள். என் மகள் பேரைச் சொல்ல நீங்கள் தடுமாற மாட்டீர்கள், உங்கள் பேர்தான், நீங்கள் பரணில் போட்டுவிட்டீர்கள், நான் எடுத்துக்கொள்கிறேன், துடைத்துக்கொள்கிறேன், அதில் உங்களுக்கு என்ன நஷ்டம். இப்படியெல்லாம் மனசுக்குள் நல்ல ஜெர்மனில் வந்தது, எழுத உட்கார்ந்தபோது வரவில்லை, நன்றி என்று மட்டும் எழுதி மூடினாள்.

காரணத்தை அங்கே எழுத முடியுமா. எடிசனிடமே முழுதாகச் சொன்னதில்லை. வந்த முதல் வருஷம், குளிர்காலம், வெளியே விடிந்திருக்கவில்லை, குளியலறையில் ஃப்ராவ் ஹோல்மானை ஸ்டூலில் உட்காரவைத்து முதுகுக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, எடுக்கக் கூடாது, மறுபடி அதிர்ந்தது, எடுத்தாள், ஊரிலிருந்து அவள் தம்பி செய்தி அனுப்பியிருந்தான். ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போன அப்பா மரத்தடியிலேயே உட்கார்ந்தபடி போய்விட்டார். தலையில் கட்டிய விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாம், அது எதற்கு எழுதினான் என்று தெரியவில்லை, அதுதான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, வெயில் வந்த பிறகும் எரிந்த விளக்கு. அவள் போனை உள்ளே வைத்துவிட்டு சோப்பைத் தொடர்ந்தாள், அதே தோளில், அதே இடத்தில், தேய்த்துத் தேய்த்து அந்த வயசான தோல் சிவந்துபோனது. என்ன சிஸ்டர், என்ன ஆச்சு என்று ஃப்ராவ் ஹோல்மான் திரும்பினாள். ஜெர்மன் வரவில்லை. செத்துப்போனார் என்பதற்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த வார்த்தை எங்கேயோ போய்விட்டது, மிஷின் பழுதானால் சொல்வார்களே, கபுட், அது ஒன்றுதான் வாயில் வந்தது, அப்பா கபுட், அப்பா கபுட் என்றாள். அதுவரைக்கும் அவளைப் பிடிக்காத கிழவி, கை ஈரமாயிருக்கிறது, தண்ணீர் சூடாயிருக்கிறது, உச்சரிப்பு சரியில்லை என்று தினம் ஒரு குற்றம் சொல்கிறவள், வார்த்தையைத் திருத்தவில்லை. சோப்பு நுரையோடு கையை நீட்டிக் கதவைத் தாழ்போட்டாள், அதே கையால் விஜிலாவின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் ஈர வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அழுதாள், தெரியாது. ஊருக்குப் போக வழியில்லை, விசா புதுப்பிக்கப் போயிருந்தது, போனால் திரும்பி வர முடியாது, அதையும் சேர்த்து அழுதாள். மேற்பார்வை நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள், உள்ளே என்ன இவ்வளவு நேரம். எனக்கு வயிறு கட்டியிருக்கு, உனக்கும் என் வயசு வரும், அப்பத் தெரியும், போ அந்தப் பக்கம் என்று ஃப்ராவ் ஹோல்மான் போட்ட கூச்சலில் செருப்புச் சத்தம் அவசரமாக விலகிப்போனது. அழுகைக்கு நடுவே விஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது. கிழவி அந்தக் குளிரில் ஜலதோஷம் பிடித்து நெடுநாள் இருமினாள், யார் கேட்டும் காரணம் சொல்லவில்லை.

ட்ராம் ஏற்றத்தில் ஏறியது, முதுகு தானாகப் பின்னுக்குச் சாய்ந்தது. வயிறு அமைதியாக இருந்தது. எப்போதிலிருந்து அமைதி. காலையில் அசைந்தாள், சாப்பிட்டபோது அசைந்தாளா, சாப்பிட்டபோது பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. கையை வைத்தாள். ஒன்றுமில்லை. கையை மாற்றி வைத்தாள். முந்தின பிள்ளை மூன்றாம் மாசத்தில் போயிற்று, அதற்குப் பேர் யோசிக்கவே இல்லை, பேர் இல்லாததால் அதை எப்படி நினைப்பது என்றும் தெரியவில்லை, அது என்றுதான் நினைக்க முடிகிறது. பிறக்கும் முன்னே பேர் வைத்து விளையாடாதே மக்களே என்று அம்மா சொன்னாள், இவள் விளையாடிவிட்டாள், ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டுவிட்டாள், முகம் தெரியாதவர்கள் எல்லாம் பிள்ளையைப் பற்றிப் பேசிவிட்டார்கள், தேக்லா, ஏய், தேக்லா, அசை. அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது, பயம் தனியாக வருவதில்லை போலும். இல்லத்தின் வாசல் கூடத்தில் ஒரு சின்ன மேஜை உண்டு, யாராவது இறந்துபோனால் அன்றைக்கு அதில் படம் வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வேலையில் இருந்தபோது எத்தனை தரம் அவளே ஏற்றியிருக்கிறாள். கர்ப்பம் என்று சொன்ன மறுநாளே வேலைக்கு வரக்கூடாது என்றுவிட்டார்கள், பிள்ளைக்கு நோய் தொற்றிவிடும் என்று சட்டம், அப்புறம் எப்போதாவது வந்து பார்ப்பதோடு சரி, இந்த முறை இடைவெளி நீண்டுவிட்டது. போன வாரம் போனில் ஸான்ட்ரா, உன் ஹோல்மான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாளே, அதை ஏன் அப்போது காதில் வாங்கவில்லை, டெக்கீலா, தேக்கு என்று சிரித்துக்கொண்டிருந்துவிட்டு. இறந்தவள் பேரை வைப்பதற்கும் இருக்கிறவள் பேரை வைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம். இருக்கிறவளிடம்தான் கேட்க முடியும். ட்ராம் வளைவில் சட்டென்று பிரேக் போட்டது, பையிலிருந்த டப்பா மடியில் இடித்தது, உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு உதை, விலா எலும்புக்குக் கீழே, குதிகாலேதான், கோபமான குதிகால். ஆ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். இரண்டு மியாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, உதைக்கிறாள் என்றாள். பேரு என்ன வைக்கப்போறீங்க என்று ஒரு மியா கேட்டாள். இன்னும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வாசலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. மேஜையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. விஜிலா நின்றுவிட்டாள். படம் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது, கண்ணாடிச் சட்டம் மட்டும் பளபளத்தது, பக்கத்தில் போனால்தான் தெரியும், போனாள். மீசை வைத்த பெரியவர். கீழ்மாடிக்காரர், சீட்டு விளையாடுகிறவர், நல்ல மனுஷன். அவருக்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள், போடும்போதே நெஞ்சு முழுக்கச் சந்தோஷம் பொங்கியது, இதற்குக் கடவுள் மன்னிப்பாரா என்று நினைத்துக்கொண்டே லிஃப்டில் ஏறினாள்.

ஜன்னல் திறந்திருந்தது. ஃப்ராவ் ஹோல்மான் மெலிந்துபோயிருந்தாள், ஆனால் உதட்டுச்சாயம் போட்டிருந்தாள். "பையில என்ன? அந்த இடிச்ச செங்கல் மாதிரி பலகாரமா?" என்றாள்.

"ஆமா. பல் உடையாது, இந்தத் தடவை ஊறவெச்சுச் சாப்பிடுங்க." உட்கார்ந்தால் கேட்க மாட்டோம் என்று விஜிலாவுக்குத் தோன்றியது, நின்றுகொண்டே கேட்டாள். "உங்க பேரை என் பெண்ணுக்கு வெச்சுக்கட்டுமா?"

"எந்தப் பேரு?"

"தேக்லா."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்? அந்தப் பிள்ளை உனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?"

விஜிலா பதில் தயாராக வைத்திருந்தாள், குளியலறை, தாழ்ப்பாள், கூச்சல், எல்லாவற்றையும் வரிசையாக ஜெர்மனில் கோத்து வைத்திருந்தாள், கண்ணில் நீர்தான் வந்தது. ஃப்ராவ் ஹோல்மான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொடிகளுக்கு நடுவே யாரோ குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தரம் சொல்லு."

"தேக்லா."

"அப்படியில்ல. அது டாக்டர் கூப்பிடுற மாதிரி இருக்கு." ஜன்னல் சட்டத்தை விரலால் தடவினாள். "ரூடி போனதுக்கு அப்புறம் இதை யாரும் சொன்னதில்லை, தெரியுமா? அவர் என் புருஷன். அக்கா இருந்தா, அவளும் போயிட்டா. மகன் அம்மாங்கிறான். பாதிரியார் ஃப்ராவ் ஹோல்மான், நீங்க எல்லாரும் ஃப்ராவ் ஹோல்மான், முடிவெட்ட வர்றவளும் ஃப்ராவ் ஹோல்மான். ஹோல்மான் ரூடியோட பேரு. என் பேரு கதவுல ஒட்டியிருக்கு, நான் உள்ளே உட்கார்ந்திருக்கேன்."

விஜிலா மெள்ளக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வெச்சுக்கோ" என்றாள் கிழவி. ஒரு விரலை உயர்த்தினாள். "சுருக்கக் கூடாது. தேக்கின்னு கீக்கின்னு கொஞ்சக் கூடாது. முழுசாக் கூப்பிடணும், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. எங்கே, எப்படிக் கூப்பிடுவே, கூப்பிடு பார்ப்போம்."

"இங்கேயா? எல்லாரும் மத்தியானம் தூங்குற நேரம்."

"எழுந்துக்கட்டும்."

விஜிலாவுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று முட்டிக்கொண்டு வந்தது, காலையிலிருந்து, அதற்கு முன்னாலிருந்து, வாய்க்குள் உதட்டுக்குப் பின்னால் ஒளித்துச் சொல்லிச் சொல்லிப் பழுத்த பேர். எழுந்து ஜன்னலுக்குப் போனாள். சட்டத்தில் கையை ஊன்றினாள். ஜெர்மனில் கூப்பிட வரவில்லை, அம்மா எப்படிக் கூப்பிடுவாளோ அப்படித்தான் வந்தது, வயிற்றிலிருந்து, இழுத்து.

"ஏளா தேக்லா! தேக்லாஆ! சோறு தின்ன வா மக்களே!"

சரிவில் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். கீழ்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. விஜிலா மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினாள். ஃப்ராவ் ஹோல்மான் நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருந்தாள், கண் ஜன்னலைத் தாண்டி எங்கேயோ, தாடை முன்னுக்கு வந்திருந்தது, விளையாட்டுக்கு நடுவில் பிடித்து இழுத்த பிள்ளையின் முகம்.

"இன்னும் கொஞ்ச நேரம்!" என்று கத்தினாள் தேக்லா.